எச்சங்களில் எஞ்சியிருந்த நிலம்: இடஞ்சார் ஒட்டுறவைப் பொருத்திய அனுபவம்

நிலத்தில் எடுத்த அளவீடுகளுக்குத் தொடர்புப் போக்குக் கோடு பொருத்துவது, பி மதிப்பு (கண்ட தொடர்பு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பை எடைபோடும் எண்) மிகச் சிறியதாக வந்ததும் மனநிறைவோடு அடுத்த வேலைக்குப் போவது. பல ஆண்டுகள் இப்படித்தான் செய்துவந்தேன். அந்தப் பி மதிப்பு ஒவ்வோர் அளவீடும் மற்றவற்றோடு தொடர்பில்லாதது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. நிலம் அப்படி நடந்துகொள்வதில்லை. ஐம்பது மீட்டர் இடைவெளியில் தோண்டிய இரண்டு குழிகளின் மண் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லும். இடத்தால் நெருங்கியவை மதிப்பாலும் நெருங்கியிருக்கும் இந்தப் பண்புதான் இடஞ்சார் ஒட்டுறவு. அதை இரண்டு தனிச் சாட்சிகளாக எண்ணினால், நம்மிடம் இல்லாத அறிவை இருப்பதாகக் கணக்குக் காட்டுகிறோம்.

இது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்த அன்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். 155 அளவீடுகள் இருக்கின்றன, எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றிடையே ஒட்டுறவு வெறும் 0.1 என்று வைத்துக்கொள்வோம். சராசரியின் பரவற்படி, அதாவது அதன் சிதறலின் அளவு, அளவீடுகள் தனித்தனியாக இருந்தால் வந்திருக்கக்கூடியதைப்போல் 1 + 154 × 0.1, அதாவது 16.4 மடங்காகிறது. 155ஐ 16.4ஆல் வகுத்தால் 9.5. அவ்வளவு மெல்லிய ஒட்டுறவே 155 அளவீடுகளைப் பத்துக்கும் குறைவான அளவீடுகளின் பலத்துக்கு இறக்கிவிடுகிறது. உண்மைத் தரவில் ஒட்டுறவு தூரத்தோடு தேய்ந்துபோவதால் சேதம் இவ்வளவு இராது; ஆனால் அருகருகே உள்ள புள்ளிகளிடையே அது 0.1ஐ விடப் பல மடங்கு பெரிதாகவும் இருக்கும்.

என் சொந்தத் தரவில் கைவைப்பதற்கு முன், பலரும் அலசி ஆராய்ந்த ஒரு தரவில் பழக விரும்பினேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் எஸ்பி தொகுப்போடு வரும் மியூஸ் தரவைத் தேர்ந்தெடுத்தேன். நெதர்லாந்தில் ஸ்டைன் என்ற ஊருக்கருகே, மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் எடுத்த 155 மேல்மண் மாதிரிகள் அதில் உள்ளன. காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் அளவுகளும், ஆற்றிலிருந்து தூரமும், வெள்ளம் எவ்வளவு அடிக்கடி வரும் என்ற மூன்று வகைப் பிரிவும் இருக்கின்றன. இடக்குறிகள் மீட்டரில் உள்ளன. இந்தக் கடைசிச் செய்தி எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

துத்தநாகத்தை எடுத்துக்கொண்டேன். மிகக் குறைவு 113, மிக அதிகம் 1839, இடைநிலை 326, சராசரி 469.7, எல்லாம் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அலகில். சராசரி இடைநிலையை இவ்வளவு முந்திப்போவது, சில பெரிய மதிப்புகள் வலப்பக்கம் இழுப்பதைக் காட்டுகிறது. ஆகவே இயல் மடக்கை எடுத்தேன். ஆற்றிலிருந்து தூரம் 0 முதல் 1 வரை சுருக்கப்பட்ட அளவில் தரப்பட்டிருக்கிறது. அதன் வர்க்கமூலத்துக்கு எதிராக மடக்கைத் துத்தநாகத்தை வரைந்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் அமைகின்றன. நேர்கோடு பொருத்தும் சாதாரண எல்எம் கட்டளை 6.994 என்ற வெட்டுத்துண்டையும் −2.549 என்ற சாய்வையும் தந்தது. மடக்கையைப் பிரித்துப் படித்தால், கரையோரத்தில் சுமார் 1090, தூரம் 0.25 ஆகும் இடத்தில் சுமார் 305. வெள்ளம் சுமந்துவந்த கழிவு ஆற்றங்கரையில் படிந்து உள்ளே போகப்போகக் குறைகிறது என்ற இயல்பான விளக்கத்துக்கு இது பொருந்துகிறது.

வழக்கமாக இங்கேதான் நிறுத்தியிருப்பேன். இம்முறை எச்சங்களை, அதாவது கண்ட மதிப்புக்கும் கோடு சொல்லும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளை, வரைபடத்தில் வைத்தேன். நேர்மறை எச்சத்துக்கு ஒரு நிறம், எதிர்மறைக்கு இன்னொரு நிறம், அளவுக்கு ஏற்ப வட்டத்தின் பருமன். ஒரே நிறத்து வட்டங்கள் கூட்டங்கூட்டமாக நின்றன. எந்தச் சோதனையும் ஓட்டாமலே தெரிந்தது: எச்சங்களில் இன்னும் நிலம் மிச்சமிருக்கிறது.

வேரியோகிராமை வாசிக்கக் கற்றது

படத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணாக்குவதுதான் வேரியோகிராம். ஒவ்வோர் இணைப் புள்ளிகளுக்கும் மதிப்புகளின் வேறுபாட்டை வர்க்கப்படுத்து, ஏறக்குறைய ஒரே தூரத்தில் உள்ள இணைகளைச் சேர்த்துச் சராசரி எடு, பாதியாக்கு. அதற்கு அரைப் பரவற்படி என்று பெயர். 155 புள்ளிகளில் 11,935 இணைகள் கிடைக்கின்றன. வேரியோகிராம் வரைய நான் பயன்படுத்திய ஜிஸ்டாட் என்ற ஆர் தொகுப்பு அவை எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. பரப்பின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் வரை மட்டுமே எடுத்து, அதைப் பதினைந்து கூறுகளாகப் பிரிக்கிறது. மிகத் தொலைவிலுள்ள இணைகள் பெரும்பாலும் பரப்பின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே அமைவதால் அவற்றின் சராசரியை அவ்வளவாக நம்ப முடியாது.

முதலில் போக்கு எதையும் கழிக்காமல், மடக்கைத் துத்தநாகத்துக்கே வரைந்தேன். முதல் கூறில் 57 இணைகள், சராசரித் தூரம் 79 மீட்டர், மதிப்பு 0.123. அடுத்ததில் 299 இணைகள், 164 மீட்டர், 0.216. 478 மீட்டரில் 0.463. 903 மீட்டரில் 0.647. 1118 மீட்டரில் 0.703ஐத் தொட்டுவிட்டு, 1543 மீட்டரில் 0.575க்கு இறங்குகிறது. இந்த இறக்கத்தைப் பார்த்துச் சற்று நேரம் குழம்பினேன். தூரம் கூடக்கூட வேறுபாடு கூடத்தானே வேண்டும்? வெள்ளச் சமவெளி நீளமும் வளைவுமாக இருப்பதை நினைத்துப் பார்த்தபோது விளங்கியது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு புள்ளிகள் பெரும்பாலும் ஆற்றின் ஓட்டத்தோடு மேலும் கீழுமாக இருப்பவை. இரண்டுமே கரையோரத்தில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. தூரத்தில் விலகியும் துத்தநாகத்தில் நெருங்கியும் இருப்பது அதனால்தான்.

மூன்று சொற்களை இங்கே மனத்தில் பதித்துக்கொண்டேன். வளைவு ஏறி முடிந்து சமதளமாகும் உயரம் மொத்தப் பரவற்படி. அந்தச் சமதளத்தை எட்டும் தூரத்துக்கு வீச்சு என்று பெயர். தூரம் பூஜ்யத்தை நெருங்கும்போதும் வளைவு பூஜ்யத்துக்கு வராமல் ஒரு சிறு உயரத்தில் தொடங்கினால், அந்தத் தொடக்க உயரம் நகெட். அளவிடும் பிழையும், நம் மாதிரி இடைவெளியைவிடச் சிறிய தூரத்தில் நிகழும் மாற்றங்களும் சேர்ந்தது அது. தங்கச் சுரங்கத்திலிருந்து வந்த சொல்: ஒரு குழியில் தங்கக் கட்டி கிடைக்கும், ஓரடி தள்ளித் தோண்டினால் ஒன்றும் இராது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் 1950களில் தொடங்கிவைத்த சிந்தனையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜார்ஜ் மாத்ரோன் கோட்பாடாக வளர்த்தார் என்பதால், இந்தத் துறை முழுவதிலும் சுரங்கத்தின் வாசனை இருக்கிறது.

வேரியோகிராம் புள்ளிகளின் ஊடே ஒரு கணித வளைவைப் பொருத்த வேண்டும்; அதையும் மாதிரி என்றே சொல்வார்கள், மண் மாதிரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கோள மாதிரி என்ற வளைவைப் பொருத்தியபோது நகெட் 0.051, அதன் மேல் ஏறும் பகுதி 0.591, வீச்சு 897 மீட்டர். பிறகு ஆற்றுத் தூரத்தின் வர்க்கமூலத்தைப் போக்காகக் கழித்து, எச்சங்களுக்கு வரைந்தேன். இம்முறை அடுக்குக்குறி மாதிரி பொருத்தமாக இருந்தது: நகெட் 0.057, ஏறும் பகுதி 0.176, வீச்சு அளவுரு 340.

இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து நெடுநேரம் பார்த்தேன். மொத்த உயரம் 0.64இலிருந்து 0.23க்கு விழுந்திருக்கிறது. அதாவது, "இடஞ்சார் ஒட்டுறவு" என்று முதலில் தோன்றியதில் பெரும்பகுதி, ஆறு எங்கே ஓடுகிறது என்ற ஒரே செய்திதான். ஒட்டுறவு என்பது தரவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையான பண்பன்று. சராசரியை எவ்வளவு நன்றாக விளக்கினோம் என்பதைப் பொறுத்தே அது பெரிதாகவும் சிறிதாகவும் தெரிகிறது. ஆற்றுத் தூரம் என்ற மாறி இல்லாமல் நேராக ஒட்டுறவுக் கட்டளைக்குப் போயிருந்தால், மென்பொருள் தடையின்றி ஒரு வீச்சைக் கொடுத்திருக்கும். ஆற்றை ஒட்டுறவு என்று பெயரிட்டு மூடியிருப்பேன்.

ஜிஎல்எஸ் வேலை

ஒட்டுறவைக் கணக்கில் எடுத்துச் சாய்வை மீண்டும் மதிப்பிட என்எல்எம்இ தொகுப்பின் ஜிஎல்எஸ் (பொதுமைப்படுத்திய மீச்சிறு வர்க்க முறை) கட்டளையைப் பயன்படுத்தினேன். ஹோசே பினேய்ரோ, டக்ளஸ் பேட்ஸ் ஆகியோர் உருவாக்கிய பழைய, உறுதியான தொகுப்பு. சாதாரண எல்எம் கட்டளையில் எழுதும் அதே சமன்பாட்டோடு, ஒட்டுறவு என்ற ஓர் உள்ளீட்டைச் சேர்க்க வேண்டும். அதில் அடுக்குக்குறி, கோளம், காஸ், விகித இருபடி போன்ற வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்து, இடக்குறிகளின் பெயர்களைத் தர வேண்டும். பார்வைக்கு ஒரே வரி. அந்த ஒரு வரியில்தான் எனக்கு ஒரு வாரம் போயிற்று.

முதல் சறுக்கல் நகெட். இந்தத் தொகுப்பில் நகெட்டைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்காவிட்டால் அது இல்லை என்றே கணக்கிடும். நான் கேட்கவில்லை. அதன் பொருள், தூரம் பூஜ்யத்தை நெருங்கினால் ஒட்டுறவு முழுமையாக 1 ஆகிவிடும் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். மண் மாதிரியில் அளவீட்டுப் பிழையே இல்லை என்பதற்கு அது சமம். நகெட்டுக்கு இடமில்லாத மாதிரி, அருகிலுள்ள புள்ளிகளிடையே காணும் சிதறலை விளக்க வேறு வழியின்றி வீச்சைச் சுருக்கிக்கொள்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. வீச்சு மட்டும் வேரியோகிராமில் கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்போகாது. வேரியோகிராமை முதலில் வரைந்து வைத்திருந்ததால்தான் பிடிபட்டது.

இரண்டாவது, தொடக்க மதிப்பு. ஒன்றும் தராவிட்டால், மிக நெருங்கிய இரு புள்ளிகளின் தூரத்தில் 90 சதவீதத்தை வீச்சாகவும், 0.1ஐ நகெட்டாகவும் வைத்துத் தேடத் தொடங்குகிறது. மியூஸ் தரவின் முதல் கூறே சராசரியாக 79 மீட்டரில்தான் இருக்கிறது. ஆக, தேடல் 340க்கு வெகு கீழேயிருந்து புறப்படும். 155 புள்ளிகளில் பெரும்பாலும் வழி கண்டுபிடித்துவிடும்தான். ஆனால் நெரிசலான மாதிரி அமைப்பில் அது தவறான குன்றின் மேலேறி நின்றுவிடக்கூடும். கண்ணால் பார்த்த மதிப்பைக் கையாலேயே கொடுப்பது ஐந்து நிமிட வேலை.

அப்படிக் கொடுக்கும்போது இரு தொகுப்புகளின் மொழி வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். இதில்தான் அதிக நேரம் தடுமாறினேன். ஜிஸ்டாட் நகெட்டைப் பரவற்படியின் அலகிலேயே தருகிறது: 0.057. என்எல்எம்இ அதை விகிதமாக எதிர்பார்க்கிறது: மொத்தத்தில் நகெட் எத்தனை பங்கு. எனவே 0.0571ஐ, 0.0571 + 0.1764 = 0.2335ஆல் வகுக்க வேண்டும், 0.245 கிடைக்கும். 0.057ஐ அப்படியே கொடுத்தால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அதுவும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்தான். வீச்சுக்கு இந்தச் சிக்கல் இல்லை; இரண்டு தொகுப்பிலும் அடுக்குக்குறி மாதிரியின் அளவுரு ஒன்றே. ஆனால் "வீச்சு 340 மீட்டர்" என்பதை "340 மீட்டருக்கு அப்பால் ஒட்டுறவு இல்லை" என்று வாசித்துவிடக் கூடாது. அடுக்குக்குறி வளைவு ஒருபோதும் சமதளத்தை முழுமையாகத் தொடுவதில்லை; அளவுருவின் மூன்று மடங்கில், இங்கே சுமார் 1020 மீட்டரில், 95 சதவீதத்தை எட்டுகிறது. கோள மாதிரியில் மட்டுமே வீச்சு என்றால் உண்மையிலேயே முடிவெல்லை. ஆகவே 897ஐயும் 340ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடுவது பிழை.

எண்களை உணர்வதற்காகச் சில ஒட்டுறவுகளைக் கையால் கணக்கிட்டேன். (1 − 0.245)ஐ, தூரத்தை 340ஆல் வகுத்து எதிர்க்குறியிட்டு எடுத்த அடுக்குக்குறி மதிப்பால் பெருக்க வேண்டும். 100 மீட்டரில் 0.56. 300 மீட்டரில் 0.31. 1000 மீட்டரில் 0.04. இந்த மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தது, எந்தச் சூத்திரத்தையும்விட எனக்கு உதவியது.

ஜிஎல்எஸ் ஓடி முடிந்தது. வீச்சு அதே அளவுவரிசையில் வந்தது. முழுதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜிஸ்டாட் வேரியோகிராம் புள்ளிகள் வழியே எடையிட்ட கோடு வரைகிறது. ஜிஎல்எஸ் கட்டுப்படுத்திய மீப்பெரு சாத்திய முறையில், அதாவது ரெம்எல் முறையில், எல்லாத் தரவையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. தவிர, பொருத்திய கோட்டின் எச்சங்களிலிருந்து வரையும் வேரியோகிராம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும், ஏனெனில் கோடு தரவை நோக்கித் தன்னை வளைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே வேரியோகிராமைத் தொடக்கத்துக்கும் சரிபார்ப்புக்கும் வைத்துக்கொண்டு, இறுதி எண்ணை ஜிஎல்எஸ்ஸிடமிருந்து எடுத்தேன். சாய்வு எதிர்மறையாகவே நின்றது. அதன் திட்டப்பிழை, அதாவது அந்த மதிப்பீட்டின் நிச்சயமின்மை, விரிந்தது. அதுதான் நேர்மையான திட்டப்பிழை.

தவறான எச்சத்தைப் பார்த்தது

இந்தப் பகுதியைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இரண்டு மாலைகளை இதில் இழந்தேன்.

ஒட்டுறவு மாதிரியைப் பொருத்திய பிறகு, எச்சங்களில் இனி நிலம் இருக்கக் கூடாது என்று எதிர்பார்த்தேன். எச்சங்களை எடுத்து மீண்டும் வேரியோகிராம் வரைந்தேன். பழையதைப்போலவே ஏறியது. ஒன்றும் மாறவில்லை. மாதிரியின் வடிவத்தை மாற்றினேன். கோளம், காஸ், விகித இருபடி. தொடக்க மதிப்பை மாற்றினேன். வரைபடம் அசையவில்லை. கட்டளையே வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டேன்.

கட்டளை சரியாகத்தான் செய்திருந்தது. கண்ட மதிப்பிலிருந்து பொருத்திய சராசரியைக் கழித்தால் கிடைப்பது சாதாரண எச்சம். ஜிஎல்எஸ் சராசரிக் கோட்டைச் சற்றே நகர்த்துகிறது, அவ்வளவுதான். எச்சங்களிலிருந்து ஒட்டுறவை அகற்றுவதில்லை. அது ஒட்டுறவை விவரிக்கிறது. விவரித்தது சரிதானா என்று பார்க்க, அந்த விவரிப்பைக் கொண்டே எச்சங்களைத் திருப்பிக் கழுவ வேண்டும்: மதிப்பிட்ட ஒட்டுறவு அணியின் வர்க்கமூலத்தின் நேர்மாறால் பெருக்க வேண்டும். இதற்கு இயல்பாக்கிய எச்சம் என்று பெயர். என்எல்எம்இ தொகுப்பில் எச்சத்தின் வகையைக் குறிப்பிடும் இடத்தில் அதைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எச்சக் கட்டளை சாதாரண எச்சத்தையும், அதே தொகுப்பின் வேரியோகிராம் கட்டளை திட்ட விலக்கத்தால் மட்டும் வகுத்த பியர்சன் எச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டிலும் ஒட்டுறவு அப்படியே இருக்கும்; இருக்கத்தான் வேண்டும்.

இயல்பாக்கிய எச்சங்களுக்கு வரைந்தேன். 1ஐ ஒட்டிக் கிடைமட்டமாக ஓடியது. மிக நெருங்கிய தூரத்தில் மட்டும் சிறு ஆட்டம். அந்தக் கூறில் இணைகள் மிகக் குறைவு என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகெட் இல்லாமல் பொருத்திய பழைய மாதிரிக்கும் இதே படத்தை வரைந்து பக்கத்தில் வைத்தேன். குறை எங்கே என்று அந்தப் படமே சொல்லியிருக்கும், முதல் நாளே வரைந்திருந்தால்.

பியர்சன் எச்சத்துக்கு வரையும் வேரியோகிராமும் பயனற்றதன்று. அதன் மேல் பொருத்திய மாதிரியின் வளைவையும் சேர்த்து வரைந்தால், வளைவு புள்ளிகளின் ஊடே போகிறதா என்று பார்க்கலாம். ஒன்று விவரிப்பைப் பார்க்கும் படம், மற்றொன்று மிச்சத்தைப் பார்க்கும் படம். இரண்டும் வேண்டும். எது எது என்று தலைப்பில் எழுதிவைப்பதும் வேண்டும்.

வடிவங்களை ஒப்பிட ஏஐசி மதிப்பை (பொருத்தத்தையும் மாதிரியின் சிக்கலையும் சேர்த்து எடைபோடும் எண்; சிறியது நல்லது) பயன்படுத்தினேன். சராசரிப் பகுதி ஒன்றாகவே இருந்து ஒட்டுறவு வடிவம் மட்டும் மாறும்போது ரெம்எல் மதிப்புகளை ஒப்பிடலாம். சராசரியில் ஒரு மாறியைச் சேர்த்தோ நீக்கியோ ஒப்பிட வேண்டுமானால் சாதாரண மீப்பெரு சாத்திய முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கோள மாதிரிக்கு மட்டும் மூன்று வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டினேன்; வீச்சில் திடீரென முடியும் வடிவம் என்பதால் அதன் சாத்தியக்கூற்று வளைவில் (அளவுருக்கள் தரவுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டுவது) பல முகடுகள் வரக்கூடும். நேர்கோட்டு வடிவம் ஒன்றும் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொடவில்லை. ஒரே கோட்டின் மேலுள்ள புள்ளிகளுக்கு அது செல்லும். இரு பரிமாணப் பரப்பில் அது முறையான ஒட்டுறவாக அமையும் என்ற உறுதி இல்லை.

வீச்சுக்கு நம்பக இடைவெளி கேட்டால் சில வேளை தொகுப்பு மறுத்துவிடும். தோராயப் பரவற்படி அணி முறையாக அமையவில்லை என்று சொல்லும். வீச்சும் மொத்த உயரமும் ஒன்றையொன்று ஈடுகட்டக்கூடியவை: இரண்டும் சேர்ந்து பெரிதானால் அருகிலுள்ள தூரங்களில் வளைவு ஏறக்குறைய மாறாது. நான் வீச்சை 100, 200, 300 என்று ஒவ்வொன்றாக நிலைநிறுத்தி ஓட்டி, சாத்தியக்கூற்றை வரைந்து பார்த்தேன். உச்சி கூர்மையாக இல்லாமல், வலப்பக்கம் நீண்டு சரியும் மேடு. வீச்சை ஒற்றை எண்ணாக அறிக்கையில் எழுதும் துணிச்சல் அதன்பின் எனக்கு வரவில்லை.

பிரிவு என்ற பொறி

வெள்ளப் பிரிவுகள் மூன்றும் தரவில் இருந்ததால், அவற்றைச் சமவாய்ப்பு விளைவாக, அதாவது பிரிவுகளின் வேறுபாடுகளை ஒரு பொதுப் பரவலிலிருந்து வந்தவையாக வைத்து, அதே தொகுப்பின் எல்எம்இ கட்டளையில் அதே ஒட்டுறவைச் சேர்த்துப் பார்த்தேன். விடை வந்தது. வீச்சு மாறியிருந்தது. ஏன் என்று தேடியபோது கிடைத்தது இது: இந்தத் தொகுப்பில் ஒட்டுறவு ஒரு பிரிவுக்குள் மட்டுமே இயங்கும். ஒரு பிரிவைச் சேர்ந்த புள்ளிக்கும் அடுத்த பிரிவைச் சேர்ந்த புள்ளிக்கும் இடையே ஒட்டுறவு பூஜ்யம். எல்லைக் கோட்டின் இருபுறமும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் இரண்டு மாதிரிகளை அது அறிமுகமில்லாதவையாகக் கருதும். பிரிவைக் குறிப்பிடாவிட்டாலும், சமவாய்ப்பு விளைவின் பிரிவையே ஒட்டுறவுக்கும் எடுத்துக்கொள்ளும்.

தனித்தனி ஊர்களில் உள்ள வயல்கள் என்றால் இது சரியான நடத்தை. தொடர்ச்சியான நிலத்தில் தவறு. மூன்றே மூன்று பிரிவுகளுக்குச் சமவாய்ப்பு விளைவு வைப்பதும் எனக்கு உவப்பாக இல்லை. மூன்று எண்களிலிருந்து ஒரு பரவற்படியை மதிப்பிட என்ன இருக்கிறது? பிரிவை நிலை விளைவாக, அதாவது ஆற்றுத் தூரத்தைப்போல ஒரு சாதாரண மாறியாக, சராசரிப் பகுதிக்கு மாற்றி, ஜிஎல்எஸ்ஸுக்கே திரும்பினேன்.

பிரிவின் சமவாய்ப்பு விளைவும் எல்லை தாண்டிய ஒட்டுறவும் உண்மையாகவே தேவைப்படுவோர், ஜிஎல்எம்எம்டிஎம்பி தொகுப்பைப் பார்க்கலாம். அதில் இடக்குறிகளை நம்ஃபேக்டர் கட்டளையால் ஒரு காரணி மாறியாக்கி, எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான ஒரே மதிப்புள்ள போலிப் பிரிவை உருவாக்கி, அடுக்குக்குறி ஒட்டுறவைத் தர வேண்டும். எச்சப் பரவற்படி அங்கே நகெட்டின் வேலையைச் செய்துவிடுகிறது. எண்ணிக்கைத் தரவுக்கும் ஆம்/இல்லைத் தரவுக்கும் இது ஒத்துழைக்கும் என்பது கூடுதல் வசதி. ஒரே இடத்தில் இருமுறை எடுத்த மாதிரிகளையும் இது ஏற்கும். என்எல்எம்இ தொகுப்போ, இரண்டு புள்ளிகளின் தூரம் பூஜ்யமாக இருந்தாலே வேலையை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட தரவில் சிலர் இடக்குறிகளைச் சிறிதே கலைத்து ஓட்டுகிறார்கள். கலைக்கும் அளவு விடையைப் பாதிக்கவில்லை என்று சோதித்துக் காட்டாதவரை எனக்கு அதில் உடன்பாடில்லை.

டிகிரியும் திசையும்

மீட்டர் இடக்குறிகளின் அருமையை அறிய, அதே புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றி வேண்டுமென்றே ஒருமுறை ஓட்டினேன். கட்டளை மறுப்பின்றி ஓடியது. அதற்குத் தெரிந்தவை யூக்ளிடியத் தூரம், மன்ஹாட்டன் தூரம், பெரும தூரம் ஆகிய மூன்றுதான். பூமி உருண்டை என்பது தெரியாது. அந்தப் பகுதியின் 51 டிகிரி அட்சரேகையில், வடக்குத் தெற்காக ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு டிகிரி சுமார் 70 கிலோமீட்டர் மட்டுமே. இரண்டையும் சமமாக எண்ணும்போது, கிழக்கு மேற்குத் தூரங்கள் சுமார் 1.6 மடங்கு ஊதிப்போகின்றன. வீச்சும் 0.003 போன்ற எண்ணாக வரும் என்பதால், தவறு நடந்ததைக் கண்ணால் பிடிப்பதும் கடினம். நிலநடுக்கோட்டுக்கு அருகே இந்தக் கோணல் சிறியது. தொலைவு போகப்போகப் பெரிது. எதுவானாலும் முதலில் மீட்டர் அடிப்படையிலான வரைபட முறைக்கு மாற்றிவிடுவதே நல்லது.

கோணல் நிலத்திலேயே இருக்கவும் கூடும். போக்கைக் கழிக்காத மடக்கைத் துத்தநாகத்துக்கு நான்கு திசைகளில் தனித்தனியே வேரியோகிராம் வரைந்தால், வடகிழக்குத் திசையில் ஒட்டுறவு நெடுந்தூரம் நீள்கிறது. அதற்குச் செங்குத்தாகச் சீக்கிரம் அறுந்துவிடுகிறது. ஜிஸ்டாட் தொகுப்பில் 45 டிகிரி திசையில் 1200 மீட்டர் வீச்சும், குறுக்கே அதில் 0.4 பங்கும் என்று வைத்தால் வளைவுகள் நன்றாகப் பொருந்துகின்றன. என்எல்எம்இ தொகுப்பில் திசைச் சார்புக்கு இடமே இல்லை. ஆனால் இடக்குறிகளை நாமே திருப்பிக்கொள்ளலாம்: கிழக்குக் குறியையும் வடக்குக் குறியையும் கூட்டி 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஆற்றோட்டத்தோடு செல்லும் அச்சு, கழித்து வகுத்தால் குறுக்கு அச்சு. குறுக்கு அச்சை 2.5ஆல் பெருக்கிவிட்டால், அந்தப் புதிய தளத்தில் எல்லாத் திசையும் சமம். இந்தச் சிறு வேலை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. பிறகு ஆற்றுத் தூரத்தைச் சராசரியில் சேர்த்தபோது, திசைச் சார்பில் பெரும்பகுதியும் அதோடு போய்விட்டது. மறுபடியும் ஆறுதான்.

பெரிய தரவுக்கு இந்த வழி ஒத்துவராது என்பதையும் எழுதிவைக்கிறேன். ஒட்டுறவு அணியில் ஒவ்வோர் இணைக்கும் ஓர் இடம் வேண்டும். 10,000 புள்ளிகள் என்றால் அணி மட்டுமே 800 மெகாபைட். அதைத் தலைகீழாக்கும் உழைப்பு புள்ளி எண்ணிக்கையின் கனத்தோடு ஏறுகிறது: புள்ளிகள் இரட்டித்தால் நேரம் எட்டு மடங்கு. சில நூறு, ஓராயிரம் வரை ஜிஎல்எஸ் போதும். அதற்கு மேல், 2011இல் லிண்ட்கிரென், ரூ, லிண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் முன்வைத்த, பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டின் வழியே செல்லும் முறையும் அதை நடைமுறையாக்கிய ஐஎன்எல்ஏ தொகுப்பும் இருக்கின்றன. அது தனிப் படிப்பு.

கடைசியாக ஒன்று. தரவோடு வரும் 3,103 கட்டங்கள் கொண்ட 40 மீட்டர் வலையில் துத்தநாகத்தைக் கணிக்க முயன்றேன். ஜிஎல்எஸ் மாதிரியைக் கணிப்புக் கட்டளைக்குக் கொடுத்தபோது வந்த படம் ஆற்றுத் தூரத்தின் படமாகவே இருந்தது. அந்தக் கட்டளை சராசரிக் கோட்டை மட்டுமே தருகிறது. பக்கத்தில் அளந்த மாதிரி என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. ஜிஎல்எஸ்ஸிலிருந்து கிடைத்த வீச்சையும் நகெட்டையும் ஜிஸ்டாட்டின் அலகுக்கு மாற்றி, அதன் கிரிகிங் கட்டளைக்கு (அருகிலுள்ள அளவீடுகளை ஒட்டுறவுக்கேற்ப எடையிட்டுக் கணிப்பது) கொடுத்தேன். விகிதத்தை மொத்தப் பரவற்படியால் பெருக்க வேண்டும். மொத்தப் பரவற்படி என்பது ஜிஎல்எஸ் தரும் எச்சத் திட்ட விலக்கத்தின் வர்க்கம். படத்தில் முதல் நாள் நான் பார்த்த நிறக் கூட்டங்கள் உரிய இடங்களில் மேடும் பள்ளமுமாக எழுந்தன. கூடவே வந்த கணிப்புப் பிழைப் படத்தில், மாதிரிகள் எடுக்கப்படாத மூலைகள் தனியே தெரிந்தன.

இப்போது என் சொந்தத் தரவின் இடக்குறிகளை மீட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு முறை எடுத்த மாதிரிகள் சில இருக்கின்றன; அவற்றைச் சராசரியாக்குவதா, ஜிஎல்எம்எம்டிஎம்பி பக்கம் போவதா என்பதை வேரியோகிராமைப் பார்த்த பிறகு முடிவு செய்வேன்.